மலிவு கிளாஸ் டி போர்டில் முதலில் எங்கே கைவைப்பது

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 டி2 சிப்பை வைத்துச் செய்த கிளாஸ் டி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சிப் நல்ல சிப். அதைச் சுற்றியிருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும்தான் விலையைக் குறைப்பதற்காகப் போட்டவை. வாங்கியதும் பலர் செய்கிற முதல் காரியம், பிரியாணியில் முட்டை வைப்பதுபோல் பெரிய பெரிய கெப்பாசிட்டரைப் போர்டின் மேல் உட்கார வைப்பது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அந்தப் போர்டில் காதுக்குப் படுகிற குறைகளில் பெரும்பகுதி, கடுகளவு இருக்கும் இரண்டு ரெசிஸ்டரிலிருந்து வருகிறது. அவற்றை மாற்றச் சில்லறைக் காசு போதும்.

அந்த இரண்டும் சிப்பின் கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை. இந்தச் சிப்பில் நான்கு அளவுகள்தான் உண்டு: 20, 26, 32, 36 டெசிபல். மடங்கில் சொன்னால் 10, 20, 40, 63. விற்பவருக்கு ஒரே கவலை: போனைச் செருகி, வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதும் அலற வேண்டும். அதனால் பல போர்டுகள் 32 அல்லது 36 டெசிபலில் வருகின்றன.

இதில் என்ன கெடுகிறது? 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் போர்டு ஏறத்தாழ 17 வோல்ட் உச்சம்வரை வெளியே தர முடியும். 36 டெசிபலில் அந்த உச்சத்தை எட்ட, உள்ளே 0.19 வோல்ட் ஆர்எம்எஸ் வந்தாலே போதும். சிடி பிளேயரோ டாக்கோ (டிஜிட்டல் பாடலை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி) தருவது 2 வோல்ட். அதாவது வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) அதில் பத்தில் ஒரு பங்கை விட்டாலே உச்சம் வந்துவிடும்; திருப்பத்தின் தொடக்கப் பகுதியைத்தான் பயன்படுத்த முடியும். மலிவு கார்பன் பாட்டில் இடது வலது இரண்டும் ஒன்றுபோல் நடக்காத இடமும் அதுதான். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிப்பதற்கு முன் பாட்டை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நடுவுக்கு வந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. கூடவே புளூடூத் மாட்யூலின் உஸ்ஸென்ற இரைச்சலும் 63 மடங்கு பெருகி வருகிறது. வால்யூம் பாட்டுக்கு அப்பால் உள்ள கெயின் என்பதால் சிப்பின் சொந்த இரைச்சலும் வால்யூம் பூஜ்யத்தில்கூடக் கேட்கும்.

இன்னொன்று அவ்வளவாக யாரும் பேசாதது. கெயினை மாற்றும்போது சிப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸும், அதாவது வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடையும், மாறுகிறது. 20 டெசிபலில் 60 கிலோ ஓம், 26-இல் 30, 32-இல் 15, 36-இல் வெறும் 9. உள்ளீட்டில் தொடராக ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது 1 மைக்ரோஃபாரட் என்றால், 36 டெசிபலில் 18 ஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபல் வெட்டு வந்துவிடும், அதற்குக் கீழே இன்னும் குறையும். செலவு குறைக்க 0.47 போட்டிருந்தால் அதே வெட்டு 38 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், பேஸ் மெலிந்துவிடும். அதே 0.47-ஐ வைத்துக்கொண்டு கெயினை 20-க்கு இறக்கினால் வெட்டு 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். ரெசிஸ்டரை மாற்றியதும் பேஸ் வந்துவிட்டது என்று சிலர் சொல்வது பிரமை அல்ல, கணக்கு.

செய்முறைக்கு வருவோம். 3116-இன் 7-வது பின் ஜிவிடிடி. சிப்பே உள்ளே உண்டாக்கும் 7 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த சப்ளை. 8-வது பின் கெயின். 8-லிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், 8-லிருந்து 7-க்கு ஒரு ரெசிஸ்டர். கிரவுண்டுக்குப் போவதைக் கீழ் ரெசிஸ்டர் என்றும் மற்றதை மேல் ரெசிஸ்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கீழே 47 கே (கிலோ ஓம்), மேலே 75 கே இருந்தால் 36 டெசிபல். கீழே 39 கே, மேலே 100 கே என்றால் 32. கீழே 20 கே, மேலே 100 கே என்றால் 26. கீழே 5.6 கே மட்டும், மேலே ஒன்றும் இல்லை என்றால் 20. ரெசிஸ்டரின் முதுகில் 473, 753, 393, 104, 203 என்று எழுதியிருக்கும். கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்கிறது. நான்கு இலக்கம் அச்சிட்டிருந்தால் 3902 என்பது 39 கே.

டாக், சிடி பிளேயர், ப்ரீஆம்ப் எதிலிருந்தாவது 2 வோல்ட் வருகிறதென்றால் யோசிக்காமல் 20. மேல் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, கீழே 562 என்று அச்சிட்ட 5.6 கே-யை ஒட்டினால் முடிந்தது. போனின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு 26 வசதி. ஆனால் 1 வோல்ட் தரும் போனுக்கு 20-இலும் 8 ஓம் ஸ்பீக்கரில் 12 வாட்டுக்கு மேல் கிடைக்கும், அறைக்கு அது போதும். ரெசிஸ்டர் 0603 அளவில் இருக்கும். இரண்டு முனையிலும் புது ஈயம் நிறைய வைத்து, இரண்டையும் மாறிமாறிச் சூடாக்கினால் அயர்ன் முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இழுக்கக் கூடாது, இழுத்தால் செம்புப் பட்டை பிய்ந்து வரும். சிப் இந்த அளவைப் படிப்பது மின்சாரம் வரும்போது ஒருமுறைதான். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள், அணைத்துவிட்டு மீண்டும் போட வேண்டும். ரெசிஸ்டர் மதிப்பில் மேலும் கீழும் மாற்றி வைத்துவிட்டால் சிப் ஸ்லேவ் நிலைக்குப் போய், வேறு சிப்பின் கடிகாரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். சத்தமே வராது. சிப் போய்விட்டது என்று போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வால்யூம் பாட். பல போர்டுகளில் 50 கே பாட் இருக்கிறது. நடுவில் நிற்கும்போது அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓம். அதன் பின்னால் 15 கிலோ ஓம் சிப் தொங்கினால் சிக்னல் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. திருப்பத்தின் ஒழுங்கும் கெடுகிறது. 10 கே லாக் பாட், பெயருக்கு ‘ஏ10கே’ என்று அடித்திருக்கும் இரட்டைப் பாட், போட்டால் போதும். ஆல்ப்ஸ் என்ற பிராண்டு பெயரில் மலிவாக விற்பவற்றில் போலி அதிகம். எந்தப் பாட்டானாலும் வாங்குமுன் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து, கால் திருப்பத்தில் இரண்டு பக்கமும் எத்தனை காட்டுகிறது என்று பார்த்துவிடலாம். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

இந்தச் சிப்பின் உள்ளீடு டிஃபரன்ஷியல் வகை. ஒவ்வொரு சானலுக்கும் பிளஸ், மைனஸ் என்று இரண்டு பின். அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பெருக்கும். மலிவுப் போர்டில் மைனஸ் பின்னைக் கெப்பாசிட்டர் வழியாகப் பக்கத்தில் கிடைத்த கிரவுண்டில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கிரவுண்டில்தான் பல ஆம்பியர் கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக அங்கே உள்ள குப்பையெல்லாம் சிக்னலாகக் கணக்கில் வந்துவிடும். சிப்பின் நல்ல குணத்தை வீணாக்குகிற வேலை இது. சரிசெய்ய, மைனஸ் பக்கக் கெப்பாசிட்டரின் கிரவுண்டு முனையை மட்டும் தூக்கி, அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயரை, சிக்னல் ஒயரோடு முறுக்கி, பாட்டின் கிரவுண்டு காலுக்குக் கொண்டுபோங்கள். பாட் இல்லையென்றால் உள்ளீட்டு சாக்கெட்டின் கிரவுண்டுக்கு. சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் இடையே கிரவுண்டு ஒயர் தனியாக ஒன்று இருக்கத்தான் வேண்டும். இந்த மூன்றாவது ஒயர் அதற்குப் பதில் அல்ல, அதற்கு மேல். ஹம்மும் கீச்சும் இதில் குறைகிற அளவுக்கு எந்த விலையுயர்ந்த கெப்பாசிட்டராலும் குறையாது.

உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் செராமிக் என்றால் ஃபிலிமுக்கு மாற்றலாம். செராமிக்கின் மதிப்பு அதன் மேல் நிற்கும் வோல்டேஜைப் பொறுத்து ஆடும்; தாழ்ந்த சுரங்களில்தான் அதன் மேல் வோல்டேஜ் அதிகம், டிஸ்டார்ஷனும் அங்கேதான். 20 டெசிபலில் 0.47 அல்லது 0.68 மைக்ரோஃபாரட் பெட்டி வடிவ பாலியஸ்டரே தாராளம். பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். ஒன்றில் 1, மற்றதில் 4.7 என்று போட்டால் ஆன் செய்யும்போது ‘டொப்’ என்று ஒரு அடி விழும், இரண்டும் வேறுவேறு வேகத்தில் நிரம்புவதால். பெரிதாக இருந்தால் நல்லது என்று 10 மைக்ரோஃபாரட் போட்டாலும் இதே கதைதான்.

புளூடூத் மாட்யூலைப் போர்டின் சப்ளையிலிருந்தே எடுத்த 5 வோல்ட்டில் ஓட்டினால் வரும் ‘கிர்ர் கிர்ர்’ சத்தத்துக்குக் காரணம் அதன் கரண்டு, ஆடியோ கிரவுண்டு வழியாகவும் திரும்புவது. பி0505எஸ் என்கிற ஒரு வாட் தனிமைப்படுத்திய மாற்றி 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தரும், 200 மில்லிஆம்பியர்வரை. அதன் வெளியீட்டுக் கிரவுண்டை வேறெங்கும் தொடாமல், ஆடியோ ஒயர் வழியாக மட்டும் போர்டோடு சேருங்கள். கீச்சு நின்றுவிடும்.

இனி மின்சப்ளை. சிப் 26 வோல்ட்வரை வேலை செய்யும். 30 தாண்டினால் இறந்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 24 வோல்ட் நல்லது, பக்கத்துக்கு 30 வாட் அளவில் சுத்தமாகக் கிடைக்கும். 4 ஓமுக்கு 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே பொருத்தம். 35 வாட் வரும், சூடும் கட்டுக்குள் நிற்கும். போர்டின் விளம்பரத்தில் 100+100 என்று போட்டிருப்பதை ஆறு வித்தியாசம் போட்டி மாதிரி ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நம்மூரில் இதில் நடக்கும் பெரிய விபத்து, பழைய அசெம்பிள்டு செட்டிலிருந்து கழற்றிய 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர். பன்னிரண்டுதானே என்று இரண்டு ஓரங்களையும் டையோடு பிரிட்ஜில் கொடுத்தால் கெப்பாசிட்டரில் 32 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சிப் புகைந்துவிடும். நடு ஒயரைக் கிரவுண்டாக வைத்து, இரண்டு ஓரங்களுக்கும் ஒவ்வொரு டையோடு போட்டால் 16 வோல்ட் சுமார் வரும். 8 ஓமில் 14 வாட், பாதுகாப்பான 14 வாட். 18 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஆபத்தே: சுமை இல்லாதபோது அது 20-க்கு மேல் தரும், வீட்டு மின்சாரமும் சில நேரம் 230-இல் நிற்பதில்லை.

காயில்தான் இந்தப் போர்டில் உண்மையான பணம் செலவழிக்க வேண்டிய இடம். கிளாஸ் டி-யில் உள்ள டி ‘டிஜிட்டல்’ அல்ல, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. சிப்பின் வெளியீடு நொடிக்கு நான்கு லட்சம் முறை கிரவுண்டுக்கும் சப்ளைக்கும் இடையே தாவுகிறது. அந்தத் தாவலை வழித்து இசையை மட்டும் விடுவது ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும். இசையே இல்லாதபோதும் காயிலுக்குள் கரண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்: 24 வோல்ட், 10 மைக்ரோஹென்றி, 400 கிலோஹெர்ட்ஸ் என்றால் உச்சத்துக்கு உச்சம் 1.5 ஆம்பியர். மட்டமான கோர் (காயிலின் நடுவிலுள்ள காந்தப் பொருள்) இதிலேயே சூடாகும். பாட்டுப் போடாமல் பத்து நிமிடம் ஓட விட்டு, அணைத்துவிட்டு, காயிலைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லையென்றால் மாற்ற வேண்டிய காயில்.

இரண்டாவது அடையாளம், பேஸ் வலுவாக அடிக்கும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயர் ஒரு கணம் நின்று மீண்டும் வருவது. கோர் காந்தத்தால் நிரம்பியதும் (சாச்சுரேஷன்) காயில் வெறும் ஒயர் ஆகிவிடுகிறது, கரண்டு எகிறுகிறது, 7.5 ஆம்பியர் அருகில் சிப்பின் பாதுகாப்பு கதவைச் சாத்துகிறது. அடாப்டர் போதவில்லை என்று பெரிய அடாப்டர் வாங்கினாலும் இது தீராது. வாங்க வேண்டியது: ஷீல்டு செய்த காயில், சாச்சுரேஷன் கரண்டு 8 ஆம்பியர் அல்லது மேல், ஒயர் ரெசிஸ்டன்ஸ் 30 மில்லி ஓமுக்குள். ஸ்டீரியோவுக்கு நான்கு. முதுகில் 100 என்று இருந்தால் அது 10 மைக்ரோஹென்றி, நூறு அல்ல. 220 என்றால் 22.

மதிப்பை எப்படித் தேர்வது என்பதில்தான் பலர் தங்களை அறியாமல் ஒலியின் நிறத்தையே மாற்றிவிடுகிறார்கள். இந்தச் சிப்பின் ஃபீட்பேக் காயிலுக்கு முன்னாலேயே எடுக்கப்படுகிறது. ஆகவே காயில் செய்வதைச் சிப் திருத்தாது. ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து ட்ரெபிள் ஏறும், இறங்கும். 10 மைக்ரோஹென்றியும் 0.68 மைக்ரோஃபாரட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், 8 ஓமில் 20 கிலோஹெர்ட்ஸ் அரை டெசிபல் ஏறுகிறது. 4 ஓமில் முக்கால் டெசிபல் இறங்குகிறது. இரண்டும் பரவாயில்லை. காயிலை 22 ஆக்கினால் 8 ஓமில் கால் டெசிபல்தான் இறக்கம், ஓய்வுக் கரண்டும் பாதிக்குக் கீழே, நல்ல மாற்றம். அதே 22-ஐ 4 ஓமில் போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 1.3 டெசிபலும் 20-இல் 4 டெசிபலும் காணாமல் போகிறது. ‘காயில் மாத்தினதும் சத்தம் அப்படியே வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு’ என்று சொல்லப்படுவதில் பாதி இந்த நான்கு டெசிபல்தான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், ட்ரெபிள் கன்ட்ரோலைக் குறைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு. ஆக 4 ஓமுக்கு 10, 8 ஓமுக்கு 15 அல்லது 22. உண்மையான ஸ்பீக்கர் மேல் சுரங்களில் நேரான ரெசிஸ்டராக இருக்காது என்பதால் இந்த எண்களைத் திசைகாட்டியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காயிலுக்குப் பின்னுள்ள 0.68 செராமிக் என்றால் அதையும் ஃபிலிமாக மாற்றுங்கள். சப்ளையின் பாதி வோல்டேஜ் அதன் மேல் எப்போதும் நிற்கிறது, அதனால் சிறிய செராமிக்கின் மதிப்பு குறைந்துவிடும். இசைக்கு ஏற்றபடி ஆடவும் செய்யும். 63 அல்லது 100 வோல்ட் ஃபிலிம், கால் இடைவெளி 5 மில்லிமீட்டர் உள்ளது. காலை நறுக்கி, போர்டோடு ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டு அங்குல ஒயரில் தொங்கவிட்ட பாலிப்ரொப்பிலீன், போர்டில் ஒட்டிய செராமிக்கைவிட மோசம்.

சரி, இப்போது அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள். சப்ளை நுழையும் 18, 19, 31, 32-வது பின்களை ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு செராமிக்குகளைத் தொடவே வேண்டாம். சிப்பின் உயிர் அவற்றில் இருக்கிறது. பூட்ஸ்ட்ராப் பின்களில் இருக்கும் 0.22-உம் அப்படியே இருக்கட்டும். போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் பெயர் தெரியாததாகவோ 25 வோல்ட் உறையில் 24 வோல்ட் தாங்குவதாகவோ இருந்தால், 35 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் குறைந்த ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்) வகை இரண்டு போடுங்கள்: பானாசோனிக் எஃப்ஆர், நிச்சிகான் பிடபிள்யூ மாதிரி. அதற்கு மேல் பத்தாயிரம் சேர்த்தால் செருகும்போது ஜாக்கில் பொறி பறக்கும். சில அடாப்டர் இவ்வளவு பெரிய வாயை நிரப்ப முடியாமல் விட்டுவிட்டு மூச்சுவாங்கும், செட் ஆன் ஆகவே ஆகாது. கழற்றும்போது கிரவுண்டுக் கால் சூட்டை உறிஞ்சும். அயர்ன் 350 டிகிரிக்குக் குறையாமல், முதலில் 63/37 ஈயம் சேர்த்து உருக்கி, பிறகு விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்).

3116-இன் உலோகத் தட்டு மேல்பக்கம் இருக்கிறது, கிரவுண்டோடு சேர்ந்தது. ஹீட் சிங்கை ஒட்டியிருக்கும் தடித்த ரப்பர் மாதிரி டேப்பை உரித்து, தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவித் திருகினாலே பல டிகிரி இறங்கும். புதுக் காயில் பழையதைவிட உயரமாக இருந்தால் ஹீட் சிங்க் அதன்மேல் சாய்ந்து, சிப்பைத் தொடாமல் நிற்கும். திருகுமுன் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிடுங்கள். இதே குடும்பத்தின் டிபிஏ 3118-இல் தட்டு கீழே இருக்கிறது, சூடு போர்டு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு மேலே ஒட்டும் ஹீட் சிங்க் பெரும்பாலும் அலங்காரம்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஸ்பீக்கர் வேண்டாம். ஒவ்வொரு சானலிலும் 8 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், சப்ளைக்குத் தொடராகக் காரின் 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு, 12 வோல்ட் மின்சாரம். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நலம். எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஈயம் பாலம் போட்டிருக்கிறது. பின்களுக்கு இடையே 0.65 மில்லிமீட்டர்தான். அணைந்தபின் ஓய்வுக் கரண்டை அளந்தால் 100 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே டிசி சில மில்லிவோல்ட்தான் வரும். ஆனால் கிரவுண்டுக்கும் எந்த ஸ்பீக்கர் முனைக்கும் இடையே அளந்தாலும் சப்ளையின் பாதி காட்டும். அது கோளாறு அல்ல. ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் சிப் ஓட்டுகிறது.

அதனால்தான் இந்தப் போர்டில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்டு இல்லை. இடது வலது மைனஸ் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்த பழைய கேபிள், உலோகப் பெட்டியில் உரசும் டெர்மினல், அலைக்காட்டியின் கிரவுண்டு கிளிப், இவற்றில் எதுவும் சிப்பைக் கொல்லக்கூடும். இதே ஆபத்து உள்ள இன்னொன்று, ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து ரெசிஸ்டர் போட்டு இழுக்கும் ஹெட்போன் சாக்கெட். அந்தச் சாக்கெட்டின் மூன்றாவது கால் இரண்டு காதுக்கும் பொது. ஹெட்போன் வேண்டுமென்றால் வால்யூம் பாட்டுக்கு முன்னாலிருந்து சிக்னல் எடுத்து, அதற்கென்று தனியாக ஒரு சின்னப் போர்டு போடுங்கள்.